மாவிலைக் கிரீடம்

"ஓடி ஜெயிச்சவருக்கு வெறும் இலையா சார்?" என்று கேட்டாள் பாண்டிசெல்வி. கேட்கும்போதும் அவள் விரல்கள் தட்டச்சை நிறுத்தவில்லை.

"வெறும் இலைன்னு சொல்லாதம்மா. ஒலிம்பியாவுல ஆலிவ் இலையில கிரீடம் கட்டிக் குடுத்தாங்க. அதுக்காகவே மாசக்கணக்காப் பயிற்சி எடுத்தான் கிரேக்கன். நமக்கு ஆலிவ் கிடைக்காது, மாவிலையில கட்டிருவோம்," என்றார் கௌதம்ராஜ்.

அவர் ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துபவர். பண்டைய கிரேக்க, ரோமானிய விளையாட்டுகள் பற்றிய ஆய்வேட்டுக்குப் போன மாதம்தான் டாக்டர் பட்டம் கிடைத்தது. அன்றிலிருந்து வாசல் பெயர்ப்பலகை முதல் பால் அட்டை வரை அவர் பெயருக்கு முன்னால் 'முனைவர்' ஏறி உட்கார்ந்துவிட்டது. ஆய்வேட்டைப் புத்தகமாகவும் பார்த்துவிட்டால் பிறவிப் பயன் முடிந்தது என்று இருந்தார்.

வழியும் கிடைத்தது. அவர் தலைவராக இருக்கும் விளையாட்டுச் சங்கம் பொங்கல்தோறும் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடி வரை ஓட்டப் போட்டி நடத்தும். பரிசு ஒரு மில் முதலாளியின் உபயம். இந்த ஆண்டு பெரிய கிரைண்டர் ஒன்று தருவதாக முன்பே சொல்லியிருந்தார். முனைவர் நேரில் போய்ப் பேசி, அந்தச் செலவில் தம் புத்தகத்தை அச்சடிக்கச் சம்மதிக்க வைத்துவிட்டார்.

இப்போது போட்டி நோட்டீஸ் அடிக்க ஸ்ரீவில்லிபுத்தூர் கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்திருந்தார். அவருடைய ஆய்வேடும் இங்கே, பாண்டிசெல்வியின் கையால் தட்டச்சானதுதான்.

"எங்க வீட்டுக்காரக அந்த கிரைண்டரை நம்பித்தான் சார் மூணு மாசமா ஓடுதாக," என்றாள் அவள். "விடியங்காட்டி இங்கன பக்கத்துல இருக்க திருவண்ணாமலைப் பெருமாள் கோயில் அடிவாரம் வரைக்கும் ஓடிட்டு வந்து, பொறவுதான் மில்லுக்குப் போவாக. கிரைண்டர் வந்தா மாவு ஆட்டி விக்கலாம்னு தெருவுல பத்து வீட்டுல சொல்லியும் வச்சுட்டேன்."

"பொருளுக்காக ஓடுறது ஒரு ஓட்டமாம்மா? ரோமாபுரியில தேரோட்டிக்குப் பணத்தைக் கொட்டினாங்க, விளையாட்டே கெட்டுப்போச்சு. கிரேக்கன் அப்படியில்லை. இலையைத் தலையில வச்சுக்கிட்டுப் பேசாம வீட்டுக்குப் போயிருவான். எல்லாம் என் ஆய்வேட்டுல இருக்கு."

பாண்டிசெல்வியின் விரல்கள் முதல்முறையாக நின்றன. நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"அப்ப நோட்டீஸ்ல அதையே போட்டுருவோமா சார்? 'பரிசுகள் அனைத்தும் முனைவர் கௌதம்ராஜின் ஆய்வேட்டில் உள்ளபடி'ன்னு?"

முனைவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "பிரமாதம். அதுக்குக் கீழேயே 'பரிசுக்கு முழுப் பொறுப்பு'ன்னு என் பேரையும் போட்டுரு," என்றார். பிரதியை வாங்கிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

கிரைண்டர் பேச்சை அவள் மறுபடி எடுக்கவே இல்லை. எடுத்துச் சொல்கிற விதத்தில் சொன்னால் யாருக்கும் புரியும் என்று தம்மையே மெச்சிக்கொண்டார் முனைவர்.

பொங்கலுக்கு மறுநாள் போட்டி நடந்தது. இரண்டாவது ஆள் ஊர் எல்லையில் இருக்கும் மடவார்விளாகத்தைத் தாண்டுவதற்குள் பாண்டிசெல்வியின் கணவன் காமராஜ் தேரடியைத் தொட்டுவிட்டான். மேடையில் அவன் தலையில் மாவிலைக் கிரீடத்தை வைத்தார் முனைவர்.

"வாசல்ல கட்டுறதைத் தலையில கட்டுதாகளே," என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். முனைவர் அதைக் காதில் வாங்கவில்லை. அதே மேடையில் அவருடைய புத்தகம் வெளியானது. முதல் பிரதி முதலாளிக்கு. வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பிரதி இலவசம். அன்று அவர் பட்ட சந்தோஷம் அவருடைய கல்யாணத்தன்றுகூடப் பட்டதில்லை.

மறுநாள் மத்தியானம் அவர் சாப்பிட உட்காரும் நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. வாசலில் பாண்டிசெல்வி. அவளுக்குப் பின்னால் கூச்சத்தோடு காமராஜ். அவள் ஒரு கையில் காலி டிபன் கேரியர், இன்னொரு கையில் முனைவரின் புத்தகம்.

"பரிசை வாங்கிட்டுப் போலாம்னு வந்தோம் சார்."

"அதான் நேத்தே தலையில வச்சாச்சேம்மா?"

"அது ஒலிம்பியாவுல குடுக்குறது சார். சொந்த ஊர்ல குடுக்குறது பாக்கி இருக்குல்லா? நூத்திப் பன்னிரண்டாம் பக்கம் பாருங்க."

முனைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். 'வென்று திரும்பிய வீரருக்கு ஏதென்ஸ் நகரம் பொதுச் செலவில் தினமும் சாப்பாடு போட்டது. அவர் உயிரோடு இருக்கும்வரை இது தொடர்ந்தது' என்று இருந்தது. அடிக்குறிப்பில் ஆதாரம்கூட இருந்தது.

"ஏதென்ஸ்ல அதுக்குன்னு மன்றம் இருந்துருக்கு. நம்ம ஊர்ல இல்லை. ஆனா நோட்டீஸ்ல பொறுப்பு நீங்கன்னு கையெழுத்துப் போட்டிருக்கீக," என்றாள் பாண்டிசெல்வி பணிவாக. "முதலாளி ஐயாகிட்டயும் பக்கத்தைக் காட்டிட்டுத்தான் வாரோம். 'அவர் எழுதுனதுதானே, மறுக்க மாட்டாரு'ன்னு சொன்னாக."

"யாருங்க வந்திருக்கது?" என்று உள்ளேயிருந்து மனைவி சிவரஞ்சனியின் குரல் வந்தது.

முனைவர் வெளியே வந்து கதவை மெல்லச் சாத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏம்மா, இப்படி ஒரு பக்கத்தை நீ எப்ப எழுதின?"

"முன்னூறு பக்கத்தையும் நீயே பாத்து எழுதிரும்மான்னு சொன்னீகள்லா சார், அப்பதான்," என்றாள் அவள். "நூலகத்துல புத்தகம் எடுத்துப் பாத்துத்தான் எழுதுனேன், பொய் ஒண்ணும் இல்லை. நீங்க ஒரு தடவையாவது படிச்சிருப்பீகன்னு நெனச்சேன். வேணும்னா, இது சார் எழுதுனது இல்லைன்னு முதலாளி ஐயாகிட்டச் சொல்லிருதேன்."

முனைவர் டிபன் கேரியரை வாங்கிக்கொண்டு சமையலறைக்கு நடந்தார்.