இலவசமாக மாற்றித் தருகிறோம்

"நிறுத்துப்பா வடிவேலு!" லூர்துநாதன் கத்திக்கொண்டே கையை ஆட்டுகிறார். மேட்டுப்பாளையத்துப் பழைய இரும்புக் கடையில், விபத்தில் அவர் மகன் ஆனந்தின் உயிரைப் பறித்த காரை அறுத்துக்கொண்டிருந்த நீலத் தீ அணைகிறது. செல்போனில் கார் கம்பெனிப் பெண் கனிவாகப் பேசுகிறாள். "ஸ்டியரிங்ல ஒரு பார்ட் கோளாறு சார். திடீர்னு பூட்டிக்கும். வண்டிய எடுக்காதீங்க, இலவசமா மாத்தித் தரோம்." "சரிம்மா" என்கிறார். "இன்னாண்ணே, அறுக்கட்டுமா வேணாமா?" என்று வடிவேல் கேட்பது எங்கோ தூரத்தில் கேட்கிறது. அறுபட்ட தகடு டிக் டிக்கென்று ஆறுகிறது. வெயில் ஸ்டியரிங் வளையத்தில் அசையாமல் கிடக்கிறது. அவருக்கு அழுகை வரவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் "ஸ்டியரிங் திரும்பலப்பா" என்று மகன் கடைசியாக முனகியபோது, குடித்திருக்கிறானா என்று குனிந்து அவன் வாயை முகர்ந்து பார்த்தவர் அவர்.