இரண்டு அவசரங்கள்

“ஊசியைக் கழட்டுங்க சிஸ்டர், நான் கெளம்பணும்.”

“டாக்டர் வந்து பார்க்காம எப்படி சார்—”

“அவர் வந்தா விடமாட்டாருன்னுதானே இப்பவே கேக்கறேன்.”

“விடமாட்டாருன்னு தெரியுதில்ல? அப்புறம் என்ன?”

ஏழாம் படுக்கைக்காரர் சட்டையும் ஷூவும் போட்டுக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கையில் மட்டும் ட்ரிப்ஸ் ஊசி. முந்தின நாள் ஹோட்டல் குளியலறையில் மயங்கி விழுந்தவரை, ஹோட்டல்காரர்கள்தான் கொண்டுவந்து சேர்த்தார்கள். தொழில் என்னவென்று கேட்டதற்கு வியாபாரம் என்றார். என்ன வியாபாரம் என்றதற்குத் தொண்டையை இரண்டு முறை செருமிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

காலையில் மாத்திரை கொடுக்கும்போது நர்ஸ் நேரிலேயே பார்த்தாள். கண் திறந்திருக்கிறது, சில விநாடிக்கு ஆள் நினைவில் இல்லை. டம்ளர் நழுவி மடியெல்லாம் தண்ணீர் கொட்டியதுகூட அவருக்குத் தெரியவில்லை. தலையை ஸ்கேன் எடுக்காமல் எங்கேயும் அனுப்பக்கூடாது என்று சொல்லிவிட்டு டாக்டர் ஆபரேஷனுக்குப் போயிருந்தார்.

அவள் அவசரம் அவளுக்கு. இரண்டு வாரம் இங்கே வேலை, ஒரு வாரம் வீடு. ஆகாயத்திலேயே போய் ஆகாயத்திலேயே வருகிற பிழைப்பு. அவள் ஊருக்கு ஒரு நாளைக்கு ஒரே விமானம், அதுவும் சாயங்காலம். போன தடவை ஒரு நோயாளிக்காக நின்று அதைக் கோட்டைவிட்டாள். அழைத்துவரக் கிளம்பி நின்ற மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே தூங்கிப்போனாளாம். அப்புறம் அம்மாவோடு போனில் பேசவே இல்லை. அம்மா பொய் சொல்கிறாள் என்று அப்பாவிடம் மட்டும் சொன்னாளாம்.

“நானும்தான் சார் கால்ல வெந்நீரை ஊத்திக்கிட்டு நிக்கறேன். சாயங்கால ஃப்ளைட்டை விட்டா என் பொண்ணு முகத்துல முழிக்க முடியாது. நான் படுத்தறேனா உங்களை?”

எந்த ஊர் என்று கேட்டார். சொன்னாள். அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். தொண்டையை இரண்டு முறை செருமினார்.

“நான் போகலேன்னா நீங்களும் வீட்டுக்குப் போக முடியாது, சிஸ்டர்.”

மிரட்டுகிறார். கத்திக் கூட்டம் கூட்டுவார், மேலிடத்துக்குப் புகார் போகும், நின்று பதில் சொல்லி முடிப்பதற்குள் விமானம் பறந்துவிடும். முறைப்படி ஆபரேஷன் தியேட்டருக்குப் போன் போட வேண்டும். போட்டாலும் அதே கதிதான். டாக்டர் வரும்வரை அவளும் அசைய முடியாது.

போனை எடுத்தாள். வாசலில் செருப்போடு தூங்கிய குழந்தை கண்ணுக்குள் வந்து நின்றது. போனை வைத்துவிட்டாள்.

பச்சைக் குழந்தையா அவர்? சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. விழுந்தால் அவர் ஒருத்தர்தானே விழப்போகிறார்.

ஊசியைக் கழற்றி, பஞ்சு வைத்து அழுத்தினாள். சொந்தப் பொறுப்பில் போவதாகக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்துவிட்டு, அவர் ஏறக்குறைய ஓடினார். மற்ற படுக்கைகளை அடுத்த சிஸ்டரிடம் ஒப்படைத்துவிட்டு அவளும் பையைத் தூக்கினாள்.

விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் வீட்டுக்குப் பேசினாள். இன்றைக்கு மகளே போனை வாங்கினாள். செருப்புப் போட்டாயிற்றாம், நிஜமாகவே வருகிறாயா என்று கேட்டாள். நிஜம் என்றாள் அம்மா.

விமானம் ஓடுதளத்தை விட்டு எழும்பியது. கீழே வீடுகள் தீப்பெட்டியாகி மேகத்தில் மறைந்தன. அப்பாடா என்று கண்ணை மூடினாள்.

தலைக்கு மேலே ஒலிபெருக்கி கரகரத்தது. யாரோ தொண்டையை இரண்டு முறை செருமினார்கள்.

“வணக்கம், கேப்டன் பேசறேன். இன்னைக்கு உங்களையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கப்போறது நான்தான்.”