பிஞ்சுக் கருமுட்டை

கள்ளக்குறிச்சி கருத்தரிப்பு மையத்தின் ஆய்வகத் திரை வெளிச்சம் மணிமொழியின் முகத்தில் விழுகிறது. வடக்கனந்தலில் மரவள்ளி பயிரிடுகிறவள். நேற்று அவளிடமிருந்து கிடைத்தது ஒரே ஒரு கருமுட்டை, அதுவும் பிஞ்சு. சுற்றியிருந்த செல்கள் அதை இறுக்கிப் பிடித்திருந்தன. ஆய்வாளர் ஷிரின் அதை ஹார்மோனும் வளர்ச்சிக் காரணிகளும் கலந்த துளியில் இட்டு, உடல் சூடு மாறாத பெட்டியில் இரவு முழுக்க வைத்திருந்தாள். இப்போது திரையில் அந்தச் செல்கள் பசைபோல் நெகிழ்ந்து, ஒன்றைவிட்டு ஒன்று விலகி மினுங்குகின்றன. மணிமொழி திரையருகே குனிகிறாள். “இன்னா மேடம், ஜவ்வரிசி வெந்தாப்புல கீது? கெட்டுப்போச்சா?” “இல்லக்கா. முட்டையச் சுத்தியிருக்கிற செல்லுங்க மருந்த வாங்கிக்கினு, உள்ள இருக்கிற முட்டைக்குப் பழுக்கச் சொல்லி சேதி அனுப்பியிருக்குதுங்க.” ஷிரின் மெல்லிய குழாயால் செல்களைக் கழுவி நீக்குகிறாள். நடுவே உருண்டையாய்க் கருமுட்டை. அதன் விளிம்பில் கடுகளவாய் ஒரு மணி. ஷிரினின் முகம் மலர்கிறது. “அந்த மணி தெரியுதுல்ல? பழுத்த முட்டைதான் அத வெளிய தள்ளும். முட்டை பழுத்துடுச்சுக்கா. இனிமே விந்து குடுக்க உங்க வீட்டு அண்ணன்தான் வரணும்.” வழிந்த கண்ணீரைத் துடைக்காமலே எழுந்த மணிமொழி, கதவைத் திறந்து வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி கூப்பிடுகிறாள். “ஏங்க, எழுந்து வாங்க! நம்ம முட்டை ரெடியா கீது!”