நல்லமுத்துவின் புதுக் கை

"மாலையக் கழட்டிடாதீங்கண்ணே, முதலாளி வந்ததும் ஒரு போட்டோ எடுக்கணும்" என்றார் மேனேஜர் ராஜ்மோகன்.

நல்லமுத்துவுக்குக் கூச்சமாக இருந்தது. கம்பெனியில் இத்தனை வருஷமாக அவனை "ஏய் பிரஸ்ஸு" என்று மிஷின் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார் ராஜ்மோகன். இன்றைக்கு அண்ணன்.

"யூனிபார்ம் சட்டையத் தொவச்சு வச்சிருந்தேன் சார். நீங்கதான் வேட்டி கட்டிக்கிட்டு வரச் சொன்னீங்க."

"ஒங்க விசேஷம்ணே இது! இங்கயும் காக்கிச் சட்டைதானா?"

விருத்தாசலம் கல்யாண மண்டபத்தில் மணமேடை மறையும்படி ஒரு பேனர் தொங்கியது. 'நன்னெறி செராமிக்ஸும் அன்புச்சாரல் டிரஸ்டும் கைகோக்கும் இனிய விழா.' கோப்பதற்கு ஒரு கை குறைவாக இருந்தவன் நல்லமுத்து மட்டும்தான்.

பீங்கான் பியூஸ் கேரியர்களை அச்சில் அழுத்துகிற பிரஸ் மிஷின், பொங்கலுக்கு முன்னால் அவன் வலது கையை மணிக்கட்டோடு வாங்கிக்கொண்டது. அன்றிலிருந்து வீட்டில்தான் கிடந்தான். சட்டைப் பொத்தான் போட்டுவிடுவதும் சோறு பிசைந்து கொடுப்பதும் மனைவி பாஞ்சாலைதான்.

கம்பெனி கேட்டில் போய் நின்றபோதெல்லாம் ராஜ்மோகன் ஒன்றையேதான் சொன்னார். "ரெண்டு கையோட வா. சூளை வண்டியில சரக்கு அடுக்குற வேலையப் போட்டுத் தரேன்." அந்த ஒரு வார்த்தையில்தான் குடும்பம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கை இன்றைக்கு வருகிறது.

"நம்ம கல்யாணத்துக்குக்கூட இம்மாம் பெரிய மாலை போடலய்யா ஒனக்கு" என்று மேடைக்குக் கீழே இருந்தே கிசுகிசுத்தாள் பாஞ்சாலை.

முதலாளி வந்தார். கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். போட்டோக்காரருக்காக இன்னொரு முறையும் தூக்கினார்.

"நாங்க அறவழியில தொழில் பண்றோம்னு வெளிநாட்டுக்காரனே ஒத்துக்கிட்டுக் குடுத்தது இது! எங்களுக்கு லாபம் அப்புறம், மனுசன்தான் மொதல்ல! இன்னிய தேதிக்கு எங்க கம்பெனியில அடிபட்ட தொழிலாளின்னு ஒருத்தர்கூடக் கெடையாது!"

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். நல்லமுத்து தன் பங்குக்கு இடது கையால் தொடையைத் தட்டினான். நம்மைக் குறையாளாக ஒதுக்காமல் முழு ஆளாகவே எண்ணிவிட்டாரே என்று அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

டிரஸ்டிலிருந்து வந்திருந்த மோகனப்பிரியா பெட்டியைத் திறந்து செயற்கைக் கையை எடுத்து மாட்டிவிட்டாள். ரோஜா நிறம். நல்லமுத்துவின் கரி நிறத்தில் அது யாரோ விருந்தாளி போல ஒட்டாமல் இருந்தது.

"தொரை கையாட்டம் இருக்குதே!" என்றாள் பாஞ்சாலை.

"இந்தக் கலர்தாங்கக்கா வந்துச்சு" என்றாள் மோகனப்பிரியா.

கம்பெனியில் செய்த கோப்பை ஒன்றை முதலாளி அந்தக் கையில் கொடுத்தார். முதலில் நழுவியது. மறுபடி கொடுத்தார். விரல்கள் மடங்கிப் பிடித்துக்கொண்டன. பாஞ்சாலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதையும் போட்டோ எடுத்தார்கள்.

விழா முடிந்து கூட்டம் பந்திக்கு ஓடியது. நல்லமுத்து மட்டும் ராஜ்மோகனைத் தேடிப் போனான். அவர் மோகனப்பிரியாவோடு நின்று போட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், கை வந்துடுச்சு. காலையில ஷிப்டுக்கு வந்துடட்டா?"

ராஜ்மோகன் மோகனப்பிரியாவைப் பார்த்தார். "நீங்க சொல்லலியா மேடம்?"

"நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன் சார்."

"இன்னா சார் சொல்லணும்?" என்றான் நல்லமுத்து.

மோகனப்பிரியா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எங்களோட சேந்து விழா நடத்துற கம்பெனி ஆளுங்களுக்கே நாங்க உதவி பண்ணக் கூடாதுண்ணே. டிரஸ்ட் ரூல்ஸு. வெளியாளா இருந்தாத்தான் குடுக்கலாம்."

"நான் கம்பெனி ஆளுதானம்மா? எனக்குக் குடுத்தீங்களே?"

ராஜ்மோகன் அவன் தோளில் பரிவோடு கை வைத்தார்.

"இந்தக் கை கெடைக்கட்டும்னுதாண்ணே போன வாரமே ஒங்கள வேலைய வுட்டு எடுத்தோம்."