கம்பளிக் கையுறை

அன்றைக்கு மூன்றாவது பொன்னாடையும் தேவசகாயத்தின் தோளில் விழுந்தது. "போர்முனையிலும் சரி, கோல்கம்பத்துக்கு முன்னாலும் சரி, நாட்டைக் காத்தவர்" என்று மைக்கில் சொன்னார்கள். பல வருடம் திருத்திச் சொல்லி அவருக்கு அலுத்துப்போயிருந்தது. போர் முடியும்வரை ராணுவ அணிக்குக் கால்பந்து ஆடினார். பிறகு பதினைந்து வருடம் கிளப்புகளுக்குச் சம்பளத்துக்கு ஆடினார். எல்லையைக் கண்ணால் பார்த்ததில்லை.

கூட்டம் கலைந்ததும் ஒரு அம்மாள் அருகில் வந்தார். "சிங்காரவேலு சம்சாரம்ங்க."

தேவசகாயம் எழுந்துவிட்டார்.

ராணுவ அணியில் ஒரே ஒரு கோல்கீப்பருக்குத்தான் இடம் இருந்தது. தேர்வன்று மழை, பந்து கையில் நிற்கவில்லை. அதே இடத்துக்குப் போட்டிக்கு வந்திருந்த சிங்காரவேலுதான் தன் கம்பளிக் கையுறையைக் கழற்றிக் கொடுத்தான். அவன் முறை வந்தபோது தேவசகாயம் அதைத் திருப்பித் தரவில்லை. அவனும் கேட்கவில்லை. வெறுங்கையோடு நின்று மூன்று பந்துகளைக் கோட்டைவிட்டான். அணியில் இடம் கிடைக்காமல் அடுத்த வாரம் எல்லைக்குப் போனவன் திரும்பவில்லை.

"குளிர்ல கை வெறைக்குதாம், அந்தக் கையுறைய உங்ககிட்ட வாங்கி அனுப்பச் சொல்லிக் கடைசிக் கடுதாசியில எழுதியிருந்தாருங்க. ரேடியோவுல உங்க பேரு வந்துக்கிட்டே இருந்துச்சு. ஆட்டத்துக்கு வேணுமேன்னு நான்தான் கேக்காம விட்டுட்டேன்." அந்த அம்மாள் அவர் கைகளைப் பார்த்தார். "உங்களுக்காவது உதவிச்சுங்களா?"

அந்த மழைநாளுக்குப் பிறகு கையுறை டிரங்குப் பெட்டியை விட்டு வெளியே வந்ததே இல்லை.

"ஒரு ஆட்டம் விடாம அதைப் போட்டுக்கிட்டுத்தான்மா ஆடினேன்" என்றார் தேவசகாயம்.