பகல் முகூர்த்தம்

அருந்ததி நட்சத்திரத்துக்கு அன்றைக்கும் அலுப்புத் தட்டியது. சூரியனைவிடப் பத்து மடங்குக்கு மேல் வெளிச்சம் அவளுக்கு, சூடும் அதிகம். ஓயாமல் தன்னைத்தானே வேகமாகச் சுற்றியதில் இடுப்பு வேறு பருத்துப்போயிற்று. இவ்வளவு இருந்தும், அவள் வெளிச்சம் எண்பது வருஷம் பயணம் செய்து பூமிக்குப் போய்ச் சேரும்போது மங்கலான ஒரு புள்ளிதான்.

"இன்னொரு கல்யாணம்," என்றாள், தன்னைச் சுற்றிவரும் சின்னஞ்சிறு சிவப்பு நட்சத்திரத்திடம். "பட்டப்பகலில் ஐயர் மண்டபத்துக் கூரையைக் காட்டி, 'அருந்ததி தெரியுதா?' என்கிறார். பெண்ணும் மாப்பிள்ளையும் தெரியுது என்று தலையாட்டுகிறார்கள். ஒருத்தராவது நிஜமாகப் பார்க்க வேண்டாமா? பிறகு எதற்கடி நான் இப்படி எரிகிறேன்?"

"உன்னையாவது பார்த்ததாகப் பொய் சொல்கிறார்கள், அக்கா. எனக்கு அந்தப் பொய்கூடக் கிடையாது."

"உனக்கென்ன குறை? உன்னைத்தான் நான் தினமும் பார்க்கிறேனே!"

"அப்படியா? இப்போது நான் எந்தப் பக்கம் இருக்கிறேன், சொல்லு பார்ப்போம்."

அருந்ததி பூமியிலிருந்து கண்ணை எடுக்காமலே யோசித்தாள். இடது பக்கமா, வலது பக்கமா?