ரோப்ளேயடி

மார்செலா, கோப்பி வண்டியைத் தள்ளிக்கொண்டு சமையலறைக்குள் வந்தாள். றோசம்மா அக்கா கழுவிக்கொண்டிருந்த தட்டை அப்படியே போட்டுவிட்டு என் கையைப் பிடித்தார்.

"இவளும் ஸ்பானிஷ்தானே பிள்ளை? கேளன்."

கை ஈரமாக இருந்தது.

பீலெஃபெல்டில் இந்த முதியோர் இல்லத்தில் நான் தாதி வேலை பழகுகிறேன். அக்காவுக்குச் சமையலறை. அவருக்குத் தெரிந்த ஜெர்மன் மொழி பாத்திரம், சாப்பாடு, நேரம் ஆகியவற்றுக்குத்தான் காணும். மற்றதற்கெல்லாம் நான்தான் வாய்.

அவரது தம்பி யூட் கனடாவுக்கென்று பேசாலையிலிருந்து புறப்பட்டவன். ஏஜென்சிக்காரன் அவனைத் தென்னமெரிக்காவில் இறக்கி, கொலம்பியாவிலிருந்து காட்டு வழியே பனாமாவுக்கு நடக்கவிட்டான். காட்டுக்குள் போனபிறகு யூட்டின் போன் எடுபடவில்லை. கூடப்போன மிதுஷன் மட்டும் பனாமாவில் ஏதோ முகாமிலிருந்து அக்காவுக்கு ஒருமுறை கதைத்தான். பிறகு அவனுடைய போனும் இல்லை.

மறுநாள் வேலைக்கு வந்த அக்கா என்னிடம் சொன்னது ஒரே வசனம்.

"தம்பி ரோப்ளேயடியில இருக்கிறானாம்."

ஆலடி, புளியடி மாதிரி ஏதோ ஊர் என்று நினைத்தேன். வரைபடத்தைத் திறந்தேன். மெக்சிகோவில் தொடங்கிக் கீழே போகப்போக எல் ரோப்ளே, எல் ரோப்ளே என்று வந்துகொண்டே இருந்தது. எனக்குத் தலை சுற்றியது.

"ஊரில்லைப் பிள்ளை, மரம். அங்கத்தைய ஆக்கள் மிதுஷனுக்குப் பேர் சொன்னவையாம். அது என்ன மரம் எண்டு கேட்டுச் சொல்லு."

முதலில் இனேஸைப் பிடித்தோம். ஸ்பெயினிலிருந்து வந்த தாதி. ரோப்ளே என்றால் ஓக் மரம் என்றாள். நோய்நொடி இல்லாமல் திடமாக இருக்கிற ஆளை, ரோப்ளே மாதிரி இருக்கிறான் என்று அவர்கள் சொல்வார்களாம்.

நான் துள்ளிக்கொண்டு அதை மொழிபெயர்த்தேன். அக்கா சிரிக்கவில்லை.

இல்லத்தின் பின்பக்கம் ஓர் ஓக் நிற்கிறது. இடைவேளைக்கு அக்கா அங்கே போய், அதன் அடிமரத்தில் கைவைத்தபடி வெகுநேரம் நின்றார். திரும்பி வரும்போதே தலையாட்டிக்கொண்டு வந்தார்.

"இது குளிருக்கு நிக்கிற மரம். அந்த வெக்கைக் காட்டுக்குள்ள இது எப்பிடி நிக்கும்?"

பிறகு முனோஸ் ஐயாவின் அறை. சிலியிலிருந்து உயிருக்குப் பயந்து ஓடிவந்து, இங்கேயே கிழவனாகிப்போனவர். எங்கள் ரோப்ளே வேறு என்றார் அவர். ஸ்பெயினிலிருந்து கப்பலில் வந்தவர்கள் தங்கள் ஊர் மரம் இல்லாமல் தவித்திருக்கிறார்கள். கொஞ்சம் அதன் சாயல் இருந்த மரத்துக்கெல்லாம் அந்தப் பெயரை வைத்துவிட்டார்களாம். நாட்டுக்கு நாடு ரோப்ளே வேறு வேறு மரம்.

அக்கா அவரது கட்டில் விளிம்பில் இருந்துவிட்டார்.

"ஐயோ, அப்ப நான் எதையெண்டு சொல்லுறது?"

அதன்பிறகு ஸ்பானிஷ் கதைப்பவர் யாரைக் கண்டாலும் அக்கா விடுவதில்லை. பஸ்ஸில் ஒரு பெண் போனில் கதைப்பதைக் கேட்டுவிட்டு, அவளுடனேயே தெரியாத தரிப்பிடத்தில் இறங்கிப் போயிருக்கிறார். அவள் பயந்து ஓடிவிட்டாள்.

இப்போது மார்செலா. வேலைக்குப் புதிது. கொலம்பியாவில் கடற்கரைப் பக்கம், அந்தக் காடு தொடங்குகிற இடத்துக்கு அருகே அவளது ஊர்.

நான் கேட்டேன். அவள் யோசிக்கவேயில்லை. மலைநாட்டுக்காரருக்கு வேறு மரம், எங்களுக்கு இதுதான் என்று போனில் ஒரு படத்தை எடுத்துக் காட்டினாள்.

ஓர் இலை கிடையாது. மரம் முழுக்க ரோஸ் நிறப் பூ.

அக்கா போனை இரண்டு கையாலும் வாங்கினார். படத்தில் மரத்தின் அடிப்பக்கத்தை ஈரவிரலால் தடவினார்.

"காட்டுக்குள்ளயும் நிக்குமோ எண்டு கேள்."

நிற்குமாம்.

"பூக் கொட்டுமோ?"

கொட்டும், கோடையில் கீழே மண்ணே தெரியாது என்றாள் மார்செலா.

"ஆறு பெருகினா சரிஞ்சு போகுமோ? வெட்டிப்போடுவாங்களோ?"

இதெல்லாம் எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் கேட்டேன். மார்செலா என்னைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். அவளது கை மெல்லக் கழுத்துச் சிலுவைக்குப் போனது.

எனக்கோ அவசரம். ஒருவழியாக மரம் தெரிந்துவிட்டது.

"அக்கா, இனி விடக்கூடாது. செஞ்சிலுவைக்கு இப்பவே போன் எடுப்பம். இந்த மரம் நிக்கிற பக்கமெல்லாம் தேடச் சொல்லுவம். யூட் அண்ணை எங்கயாவது காயத்தோட..."

"தேட ஒண்டுமில்லையடி."

அக்கா போனை ஏப்ரனில் துடைத்து மார்செலாவிடம் நீட்டினார்.

"தம்பியைக் குழி வெட்டித் தாட்டதே மிதுஷன்தான்."

குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று பேரில் ஒருவரும் போய் அதைப் பூட்டவில்லை.

"அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்லை," என்றார் அக்கா. "எங்க வச்சவை எண்டு கேப்பா. காட்டுக்குள்ள எண்டு எப்பிடிப் பிள்ளை சொல்லுறது?"